ஒரு சாண் கீழே ஒரு கை

அத்தியாயம் பதினேழு

மாஸ்டர் அன்று காலை சட்டைக்குப் பொத்தான் போட்டார். இன்னொருவர் உதவியில்லாமல் அவர் பொத்தான் போட்ட கடைசிச் சட்டை அதுதான். அப்போது அது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மருமகள் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்திருப்பாள்.

கட்டில் விளிம்பில் அவர், எதிரே ஸ்டூலில் அவள். அவருடைய விரல்கள் பொத்தானைத் தேடிப் பிடித்தால் துளை நழுவும். துளையைப் பிடித்தால் பொத்தான் நழுவும். அவள் தலையங்கத்தை முடித்து, விளையாட்டுப் பக்கத்தை முடித்து, வாடகைக்கு வீடு தேடுகிறவர்களின் வரி விளம்பரங்களுக்கு வந்திருந்தாள்.

"ஆச்சு."

நிமிர்ந்து பார்த்தாள். வழக்கம்போல ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். காலரின் ஒரு முனை காதை எட்டிப் பார்த்தது. கீழே ஒரு பொத்தான் சேர இடமில்லாமல் தொங்கியது.

"ஒண்ணு மிச்சம்மா."

"வச்சுக்கங்க மாமா. அவசரத்துக்கு ஆகும்."

"கடையில குடுத்தா எடுத்துக்குவானா?"

"திருப்பி வாங்க மாட்டான். உங்க பேரைக் கேட்டா கதவையே சாத்திடுவான்."

அவர் சிரித்தார். தினமும் இதே பேச்சுதான். ஒரு வார்த்தை முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

இத்தனை வாரமாக இந்த வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்கு மாஸ்டரைத் தெரியும். இன்றுதான் முதல்முறையாக வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

அவர் நகராட்சி நீச்சல் குளத்தில் நீச்சல் சொல்லிக் கொடுத்தவர். அந்த ஊரில் தண்ணீருக்குப் பயப்படாதவர்களில் பாதிப் பேர் அவர் கையில் மிதந்தவர்கள்தான். கையில் என்று சொன்னாலும், உண்மையில் கையில் இல்லை. குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து வயிற்றுக்குக் கீழே கையை நீட்டுவார். குழந்தை தன்னைத் தாங்கியிருக்கிறார் என்று நினைத்துக் காலை உதைக்கும். கையோ ஒரு சாண் கீழே, தண்ணீருக்குள் சும்மா நிற்கும். "பிடிங்க மாஸ்டர்" என்று அலறினால் மட்டுமே மேலே வரும். அதற்கு முன்னால் ஒரு விரல்கூடப் படாது. மிதக்கிறவனைத் தொட்டால் மிதப்பதை மறந்துவிடுவான் என்பது அவர் கட்சி.

இதயம் பலவீனமாகி, ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பி வைத்தபோது, வண்டியிலிருந்து இறக்க மருமகள் அவர் தோளில் கை கொடுத்தாள். அவர் கையை விலக்கினார்.

"இதோ பாரு கண்ணாடி" என்றார். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் அந்தப் பெயர். "இங்கேயும் குளத்துச் சட்டம்தான். நானா 'பிடி'ன்னு சொல்றவரைக்கும் தொடக்கூடாது. கை மட்டும் கீழே இருக்கட்டும்."

அன்று முதல் அவர் எழும்போதும் நடக்கும்போதும் டம்ளரைத் தூக்கும்போதும் அவளுடைய கை ஒரு சாண் தள்ளிக் காத்திருந்தது. முதலில் தோள் வலித்தது, அப்புறம் பழகிவிட்டது. கடையில் கண்ணாடி போட்டுப் பார்க்கும் வாடிக்கையாளரின் முகவாய்க்குக் கீழேகூட அவள் கை தானாகப் போய் நிற்கும். 'என்னம்மா, என் தலை கீழே விழுந்துடுமா?' என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

இத்தனை மாதத்தில் அவர் ஒருமுறைகூட 'பிடி' என்று சொல்லவில்லை.

அவளுடைய கணவன் கப்பலில் எஞ்சின் மெக்கானிக். போன வாரம் அவனுடைய தங்கை தொலைபேசியில், ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறேன், அப்பாவை என் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னதும் இவள் அவனுக்குச் செய்தி அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. 'நீங்க மூணு பேரும் பேசி முடிவு பண்ணுங்க.' கடலுக்கு நடுவில் இருப்பவனுக்கு என்ன, எதையும் சொல்லலாம்.

இதோ ஞாயிற்றுக்கிழமை. கீழே கார் கதவு சாத்தும் சத்தம்.

"தவளை வந்துட்டா" என்றார் மாஸ்டர். நடக்கும் முன்பே நீந்திய மகளுக்கு அவர் வைத்த பெயர் அது. இன்று அவள் பெரிய ஓட்டல் ஒன்றில் அறைகளைப் பராமரிக்கும் பிரிவுக்குத் தலைவி. அவள் தொழிலில் விருந்தாளி ஒரு திரைச்சீலையைக்கூடத் தன் கையால் இழுக்கக் கூடாது. இழுத்தால் யாரோ ஒருவர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

உள்ளே வந்தவள் கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"என்னப்பா இது கோலம்?"

முட்டி போட்டு உட்கார்ந்து மேலிருந்து கீழ்வரை எல்லாப் பொத்தானையும் கழற்றினாள். கழற்றி, ஒவ்வொன்றாகச் சரியாகப் போட்டாள். கண் சிமிட்டும் நேரத்தில் வேலை முடிந்தது. மாஸ்டர் மோவாயைத் தூக்கிக்கொண்டு, முகம் கழுவி விடப்படும் பையனைப் போல உட்கார்ந்திருந்தார். மகளின் தலைக்கு மேலாக மருமகளைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தார்.

"அண்ணி, இவ்வளவு பக்கத்துல உக்காந்திருக்கீங்க. இதைச் சரி பண்ணக்கூடாதா?"

"அவரே போட்டதும்மா."

"அது தெரியுது. அதனாலதான் கேக்கறேன்."

மருமகள் செய்தித்தாளை மடித்தாள். மடிக்கத் தேவையே இல்லை, ஏற்கெனவே மடித்துத்தான் இருந்தது.

சமையலறையில் இரண்டாவது சுற்று நடந்தது. மகள் தாழ்ந்த குரலில்தான் பேசினாள். ஓட்டலில் பழகிய குரல் அது. பக்கத்து அறைக்குக் கேட்காது, எதிரே நிற்பவருக்கு மட்டும் சுருக்கென்று ஏறும்.

"அவர் கை நடுங்குது அண்ணி. நீங்க பேப்பர் படிக்கறீங்க."

"பாத்துக்கிட்டே இருந்தா அவருக்கு அவமானமா இருக்கும். அதுக்குத்தான் படிக்கறேன்."

"ஸ்பூனைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோறதுக்குள்ள பாதி சட்டையில கொட்டுது. ஊட்டி விட்டா என்ன குறைஞ்சு போகும்?"

"அவரோடது குறையும்."

"இதெல்லாம் கேக்க நல்லா இருக்கு. உங்கப்பாவா இருந்தா விடுவீங்களா?"

சொல்லிவிட்டவளுக்கே அது உறைத்தது. அடுப்பில் பாலை வெறுமனே கிளறினாள்.

"தப்பாச் சொல்லிட்டேன்."

"பரவாயில்ல."

"நான் என்ன சொல்ல வந்தேன்னா... அங்க ரெண்டு பேரு முழு நேரமும் இருப்பாங்க. லிஃப்ட் இருக்கு. அவர் சும்மா உக்காந்தா போதும். வாழ்நாள் பூரா தண்ணியில நின்ன மனுஷன், இனிமே கால் நீட்டி உக்காரட்டுமே. நீங்க பக்கத்துல நின்னு கையைக் கட்டிக்கிட்டு—"

"கையைக் கட்டல. கை கீழேதான் இருக்கு. நீ பாக்கல."

அந்தப் பதிலைச் சொன்ன வேகத்தில் அவளுக்கே சந்தேகம் வந்தது. பெற்ற மகள் அழைத்துப் போகிறேன் என்கிறாள். மருமகள் எந்த உரிமையில் குறுக்கே நிற்பது? அதைவிட மோசமான இன்னொரு கேள்வியும் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அவர் கேட்டார் என்பதற்காக ஒரு கிழவரை இத்தனை மாதம் தடுமாறவிட்டது அன்புதானா? இல்லை, அவர் இங்கேயே இருக்க வேண்டும், 'இன்னும் எல்லாம் தானே செய்கிறார்' என்று யாராவது கேட்டால் சொல்ல வேண்டும் என்ற தன்னுடைய ஆசையா? காலையில் எழுந்ததும் முதலில் காதில் விழ வேண்டியது அவருடைய இருமல் என்று ஆகிப்போயிருந்தது. அது இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ் அன்று சீக்கிரமே வந்தார். கதவைத் திறப்பதற்குள் பேச ஆரம்பித்துவிடுகிற ரகம்.

"மாஸ்டர், இன்னிக்கு என்ன ஜம்முனு இருக்கீங்க! சட்டையெல்லாம் நேரா இருக்கே?"

"மேலிடத்து உத்தரவு" என்று மகளைக் காட்டினார்.

நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்தார், கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு எப்போதும் கேட்பதைக் கேட்டார்.

"குளிச்சது யாரு?"

"நான்தான். முதுகு மட்டும் பேருக்கு நனைஞ்சுது."

"சாப்பாடு?"

"பாதி நான், பாதி சட்டை."

"பாத்ரூம் போறது?"

"அதுக்கெல்லாம் இன்னும் ஆள் வைக்கலம்மா."

"சரி, எழுந்து நில்லுங்க பாப்போம்."

மாஸ்டர் நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளிலும் கையை ஊன்றினார். ஒருமுறை எழப் பார்த்து உட்கார்ந்தார். மறுமுறை எழுந்தார். மருமகளின் கை அவர் முழங்கைக்குக் கீழே போய், படாமல் நின்று, திரும்பி வந்தது. மகள் பாய்ந்து பிடிக்கப் போனாள். நர்ஸ் கண்ணாலேயே அவளை நிறுத்தினார்.

"பிரமாதம். உக்காருங்க" என்றார் நர்ஸ். ஆனால் அந்த 'பிரமாதம்' வாயில்தான் இருந்தது, முகத்தில் இல்லை.

நடைகூடத்தில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்று அவர் இரண்டு பெண்களிடமும் பேசினார்.

"போன மாசம் கையை மார்ல கட்டிக்கிட்டு எழுந்தார். இன்னிக்கு ரெண்டு கையும் ஊன்றியும் முதல்தடவை முடியல. கவனிச்சீங்களா?"

மருமகள் கவனித்திருக்கவில்லை. தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

"இந்த வயசுல என்ன நோய்ங்கறதைவிட, தன் காரியத்துல எதெல்லாம் தானே செய்யறாங்கன்னுதான் நாங்க பாப்போம். குளிக்கறது, உடுத்தறது, எழுந்து நடக்கறது, சாப்பிடறது. இதுல ஒவ்வொண்ணா விட்டுப்போக ஆரம்பிச்சா..." அவர் முடிக்கவில்லை. "எல்லாருக்கும் ஒரே மாதிரின்னு சொல்ல முடியாது. ஆனா, நாள் குறையுதுன்னு எடுத்துக்கலாம்."

"அப்ப நான் சொன்னது சரிதானே?" என்றாள் மகள். "ஓய்வு குடுக்கணும்."

"ஓய்வு குடுத்தா இன்னும் சீக்கிரம் விட்டுப்போகும். அதனால இவங்க செய்யறதும் சரிதான்." நர்ஸ் பையின் பட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டார். "ஆனா, அவர் களைச்சுப்போனா தாங்க ஆள் வேணும். அதனால நீங்க சொல்றதும் தப்பில்ல. எங்கே எதை நிறுத்தறதுன்னு எனக்கே ஒவ்வொரு வீட்டுலயும் குழப்பம்தான். அவர் பிடிச்சுக்கச் சொல்றார்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க. அப்புறம் எல்லாம் வேகமாப் போகலாம்."

நர்ஸ் போன பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஒரே செய்தியை இரண்டு பேருக்கும் பங்கிட்டுக் கொடுத்தது போலவும், யார் பங்கு பெரிது என்று தெரியாதது போலவும் நின்றார்கள்.

அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "கூட்டம் முடிஞ்சுதா? எனக்குப் பாத்ரூம் போகணும்."

படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போகும் நடைகூடத்தை மாஸ்டர் 'குளம்' என்பார். அகலம் கொஞ்சம், நீளம் தாராளம். போகும்போது ஒரு நீச்சு, வரும்போது ஒரு நீச்சு.

மருமகள் வழக்கமான இடத்துக்குப் போனாள். பிறகு என்ன தோன்றியதோ, விலகிக்கொண்டாள்.

"நீ வாம்மா. இப்படி நில்லு. இடது பக்கம். கையை அவர் இடுப்புக்குப் பின்னால கொண்டு வா. படாம. இன்னும் கொஞ்சம் கீழே."

"இப்படியா?"

"அவ்வளவுதான். அவரைப் பாக்காதே. அவர் பாதத்தைப் பாரு."

மகள் நின்றாள். ஓட்டலில் எத்தனையோ பேருக்குக் கட்டளை போடுகிறவள், சொன்னபடி கேட்டு நின்றாள். மாஸ்டர் நடக்க ஆரம்பித்தார். சுவரை ஒட்டி ஓர் அடி. நிறுத்தம். அடுத்த அடி. எதையாவது பிடித்தால் போதும் என்று மகளின் விரல்கள் துடித்தன. உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் தொடவில்லை.

"எங்க அண்ணிக்கு எப்படி முடியுது இது" என்று யாரிடமோ சொன்னாள்.

செருப்பு அலமாரிக்கு அருகே மாஸ்டர் நின்றார். திரும்பி மகளைப் பார்த்தார். அவள் மூக்கு சிவந்திருந்தது. சின்ன வயதில் குளத்தின் கரையில் குளிரில் நின்றபோது சிவந்தது போல.

"தவளை" என்றார். "பிடி."

அவள் பிடித்தாள். இரண்டு கைகளாலும், முழு உடம்பாலும் அவரை அணைத்துத் தாங்கினாள். அவர் அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அப்படியே இரண்டு பேரும் மெல்ல மெல்ல நடந்து போனார்கள்.

மருமகள் பின்னால் நின்றாள். அவள் அவருடைய பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு உண்மையில் தள்ளாடும் நாட்களில் இடது கால் விரல்கள் தரையைப் பற்றுவது போல மடங்கும். இன்று அவை மடங்கவில்லை. நீட்டி, தளர்ந்து, அமைதியாக இருந்தன.

அவர் நடந்திருப்பார். இன்று அவர் நடந்தே போயிருப்பார். அவளுக்கு அது ஏறக்குறைய நிச்சயமாகத் தெரிந்தது.

இத்தனை மாதம் காத்திருந்தது தன் கை. சொல் போனது இன்னொரு கைக்கு. அடுத்த நொடியே, அந்தக் கைக்கு அது எவ்வளவு தேவைப்பட்டது என்பதும் தெரிந்தது. அவர் எதற்காகச் சொன்னார்? களைத்துப் போயா, இல்லை மகளுக்குக் கொடுக்கவா? நர்ஸுக்குப் போன் பண்ணலாமா என்று நினைத்தாள். என்னவென்று சொல்வது? பண்ணவில்லை.

அறைக்குத் திரும்பியதும் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பாவே சொல்லிட்டாரு அண்ணி."

"கேட்டேன்."

"அப்பா, சாயங்காலம் கிளம்பலாமா? என்கூட வந்துடறீங்களா?"

மாஸ்டர் ஜன்னல் பக்கம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். முதலில் மகளைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். அவள் படுக்கை விரிப்பை இழுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"வர்றேன்."

மருமகளின் கை விரிப்பின் ஓரத்திலேயே நின்றது.

"ஆனா ஒரு நிபந்தனை இருக்கு."

"என்னப்பா? சொல்லுங்க. என்ன வேணும்னாலும்."

"டீ குடிச்சிட்டுச் சொல்றேன். தொண்டை காயுது."

மகள் சமையலறைக்குப் பறந்தாள். அங்கிருந்தே எதையெதையோ கேட்டாள். சர்க்கரை எவ்வளவு, கோப்பை எது, கைப்பிடி பெரிதாக இருப்பதுதானே. மருமகள் அலமாரியைத் திறந்து பையை எடுத்தாள். அடுப்பில் வைத்துவிட்டு மகளும் அறை வாசலில் வந்து நின்றாள்.

"இது மருந்து. இது காலைக்கு, இது ராத்திரிக்கு. மறந்துபோனா அவரே சொல்லுவார், ஆனா தப்பாச் சொல்லுவார்" என்று தாழ்ந்த குரலில் அடுக்கினாள் மருமகள். "சட்டையைத் தலை வழியாத்தான் கழட்டுவார். குளத்துல பழகின பழக்கம். பொத்தானைத் தொடவே மாட்டார். துவைக்கப் போடறதுக்கு முன்னாடி நீதான் கழட்டிக்கணும். இந்தக் கண்ணாடி படிக்க, இது டி.வி.க்கு. ரெண்டையும் தொலைச்சுட்டு எம்மேல பழி போடுவார். இனிமே உம்மேல போடுவார்."

"கஷ்டமா இருக்கா அண்ணி?"

"இல்ல."

"பொய்."

"ஆமா."

மகள் பையிலிருந்த ஒரு சட்டையை எடுத்து மறுபடி மடித்தாள். நன்றாகத்தான் மடித்திருந்தது.

"நீங்க திட்டலாம் என்னை" என்றாள்.

"அதுக்கெல்லாம் நேரம் ஒதுக்கி வச்சிருக்கேன். முதல்ல டீயைக் குடு, பொங்கிடப்போகுது."

மதிய வெயில் ஜன்னல் வழியாக வந்து மாஸ்டரின் மடியில் உட்கார்ந்திருந்தது. கீழே பேருந்து நிறுத்தத்தில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். மகள் டீயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு பிஸ்கட் எடுக்கத் திரும்பிப் போனாள்.

மாஸ்டர் கோப்பையை இரண்டு கைகளாலும் எடுத்தார். மருமகள் பக்கத்தில் குனிந்தாள். அவள் கை தன்னுடைய இடத்துக்குப் போனது. கோப்பைக்கு ஒரு சாண் கீழே.

"நல்லா போட்டிருக்கா" என்றார், ஒரு வாய் குடித்துவிட்டு.

"சர்க்கரை ஜாஸ்தி போட்டிருப்பா."

"அதனாலதான் நல்லா இருக்கு."

"அது என்ன மாமா நிபந்தனை? எனக்காவது சொல்லக்கூடாதா?"

அவர் புன்னகைத்தார். கோப்பை மறுபடி உதட்டை நோக்கி எழும்பியது. பாதி வழியில் நின்றது. அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார், அல்லது பார்ப்பது போலிருந்தது. கோப்பை மெல்லச் சாய்ந்தது. ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, பிறகு நூலாக, சூடான டீ அவள் உள்ளங்கையில் விழுந்தது. அவள் கையை எடுக்கவில்லை, உயர்த்தவும் இல்லை. சொல்வார். இதோ சொல்வார். அவருடைய தலை தாழ்ந்தது. தூக்கத்தில் தாழ்வது போல, அவசரமில்லாமல். அவளுடைய இன்னொரு கை தானாக எழுந்து அவர் மோவாய்க்குக் கீழே போய் நின்றது. ஒரு சாண் கீழே. படாமல்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும்.

"அண்ணி."

வாசலில் பிஸ்கட் தட்டோடு மகள் நின்றாள். குரலில் ஓட்டல் இல்லை.

"பிடிங்க அண்ணி."

அப்போதுதான் பிடித்தாள். ஒரு கையில் கோப்பை, ஒரு கையில் முகம். கன்னம் சூடாகவே இருந்தது. தாடி லேசாகக் குத்தியது. இத்தனை மாதத்தில் அந்த முகத்தை அவள் தொட்டது அதுதான் முதல்முறை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நர்ஸ் ஓடிவந்தார். டாக்டர் வந்து போனார். அவரைக் கட்டிலில் நேராகப் படுக்கவைத்தார்கள். வாசலில் கட்டி வைத்த பையை யாரோ தாண்டித் தாண்டிப் போய் வந்தார்கள், நகர்த்தவில்லை.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் மகளும் இந்தப் பக்கம் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் காத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள் மருமகள். "என் கை அங்கேயே இருந்துது. பிடிக்கணும்னு தோணவே இல்ல. அவர் சொல்லுவார்னு..."

"முன்னாடியே பிடிச்சிருந்தாலும் இதுதாம்மா" என்றார் நர்ஸ். "நெஞ்சு நின்னுபோச்சு. கையால ஆகற காரியம் இல்ல அது."

நர்ஸ் சொன்னது அவள் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

மகள் எழுந்து இந்தப் பக்கம் வந்தாள். மருமகளின் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை சிவந்து கன்றியிருந்தது.

"சுட்டுதா?"

"தெரியல."

"சூடா டீ கொட்டியும் கையை எடுக்கல நீங்க." அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "காலைல நான் பாக்கலன்னு சொன்னீங்க. இப்பப் பாத்தேன் அண்ணி. கை கீழேதான் இருந்துது."

மருமகள் அப்போதுதான் அழுதாள். அதுவரை அவளுக்கு அழுகை வரவில்லை என்பதைக்கூட அவள் கவனித்திருக்கவில்லை. மகள் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள், தன் கண்ணீரைத் துடைக்கக் கை ஒழியாமல்.

"என்ன நிபந்தனையா இருக்கும்?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"தெரியலையே. உன் ஓட்டல் தலையணை வேண்டாம்னு சொல்லியிருப்பார். கழுத்து வலிக்குதும்பார்."

"சட்டையைத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருப்பார்." மகள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு மெதுவாக, "இல்லைன்னா நீங்களும் வரணும்னு சொல்லியிருப்பாரோ?"

மருமகள் கட்டில் விரிப்பின் ஓரத்தை நேராக இழுத்துவிட்டாள்.

"பாதி வழியில என்னைத்தான் பிடிக்கச் சொன்னார்ல அண்ணி? கடைசியில அப்பாவுக்கு நான் தேவைப்பட்டேன்ல?"

நீட்டித் தளர்ந்திருந்த அந்தக் கால் விரல்கள் மருமகளின் கண்ணுக்குள் வந்தன. அவை மடங்கவில்லை என்பதை இந்த உலகத்தில் பார்த்தவள் அவள் ஒருத்திதான். சொல்லலாம். மகளின் தவிப்பைத் தீர்க்க அவர் செய்தது என்று சொன்னால் அது இன்னும் பெரிய அன்பாகப் படலாம். அல்லது, இருந்ததையும் பிடுங்கிக்கொண்டதாகப் படலாம். ஒருவேளை தன்னுடைய கணக்கே தப்பாகவும் இருக்கலாம். நர்ஸ் சொன்னபடி அந்தச் சொல்தான் உடம்பு தந்த முதல் எச்சரிக்கையோ என்னவோ.

"ஆமா" என்றாள். "உன்னைத்தான் சொன்னார்."

கப்பலுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். யார் எழுதுவது, எப்படி எழுதுவது என்று பேசிப் பார்த்தார்கள். மகள் இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அழித்தாள். கைபேசியை மருமகளிடம் நீட்டினாள். மருமகள் அதை வாங்கி, கட்டில் ஓரத்தில் கவிழ்த்து வைத்தாள். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தாள்.

நடைகூடத்தில் நடந்தாள். செருப்பு அலமாரியைத் தாண்டும்போது அவள் கை, அவளைக் கேட்காமலே, இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில் நீண்டிருந்தது. பார்த்துவிட்டு மெல்ல இறக்கிக்கொண்டாள்.

குளியலறையில் குழாயைத் திறந்து உள்ளங்கையை நீட்டினாள். டீயின் சர்க்கரை பிசுபிசுத்துக் கரைந்து போயிற்று.

கதவுக்குப் பின்னால் கொக்கியில் அவருடைய நேற்றைய சட்டை தொங்கியது. தலை வழியாகக் கழற்றிய சட்டை. மகள் காலையில் சரிசெய்தது வேறு சட்டை, இது அவள் கண்ணில் படவில்லை. காலர் ஒரு பக்கம் ஏறியிருந்தது. பொத்தான்களெல்லாம் ஒன்று தள்ளி, அவர் போட்டபடியே போட்டிருந்தன.

கீழே ஒன்று மிச்சம் இருந்தது.